பீட்ரூட் மேல் போட்ட பழி

மே 5

இந்த டைரியை ஜனவரியில் சாயப்பவுடர் ஏஜென்ட் கொடுத்தான். அட்டையில் அவன் கம்பெனிப் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. சாயம் விற்கிறவனுக்கே சாயத்தை நிற்கவைக்கத் தெரியவில்லை. நான்கு மாதம் அலமாரியில் காலியாகக் கிடந்ததை இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம், போன வாரத்தோடு எனக்கு வேலை ஓய்ந்தது. வீட்டில் நான் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை.

முப்பத்தைந்து வருடம் ஈரோட்டுச் சாயப்பட்டறைகளில் டையிங் மாஸ்டராக இருந்தேன். வியாபாரி ஒரு துணுக்குத் துணியைக் காட்டினால் அதே நிறத்தைத் தொட்டியில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். அதுதான் வேலை. இப்போது என் இடத்தில் ஒரு கம்ப்யூட்டரையும், அது சொல்வதற்குத் தலையாட்ட ஓர் இன்ஜினியரையும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் போட்ட கருநீலத்தைப் பார்த்தேன். அது கருநீலமே இல்லை, அழுகிய நாவல்பழம். நல்லா இருக்குது தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

என் மனைவி விசாலம், தன் தங்கை பரிமளாவோடு சேர்ந்து ஏதோ நச்சு நீக்க முகாமுக்குப் போய்வருகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை நானும் வரவேண்டுமாம்.

மே 9

போனேன். கல்யாண மண்டபத்தில் இருநூறு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அமுதகண்ணன் என்று ஒருவன். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் மஞ்சள். தனக்குத் தானே ஆசான் என்று பட்டம் கொடுத்துக்கொண்டவன். நம் உடம்பு ஒரு குப்பைக் கிடங்காம். காற்றில் நச்சு, சோற்றில் நச்சு, உடுத்தும் துணியில் நச்சு. நாற்பது வருடக் குப்பையை நாற்பது நாளில் அவன் வெளியே எடுப்பானாம். எப்படி என்றால் பீட்ரூட், இஞ்சி, எலுமிச்சை சேர்த்து அரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்.

எந்த நச்சு என்று ஒருவராவது கேட்கவேண்டுமே. பெயர் என்ன, உடம்பில் எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போகும்? நான் பழைய பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எழுந்து கேட்கலாம் என்று பார்த்தேன், விசாலம் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள்.

உள்ளே போன விஷத்தை எடுப்பதற்குக் கல்லீரல் என்று ஒன்று பிறக்கும்போதே கொடுத்து அனுப்பியிருக்கிறது. அதில் என்சைம் என்ற நொதிகள் இரண்டு கூட்டமாக வேலை செய்கின்றன. துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை எப்படி எடுக்கிறோம்? தண்ணீரில் கரையும்படி செய்து அலசிவிடுகிறோம். கல்லீரலும் அதையேதான் செய்கிறது. முதல் கூட்டம் விஷத்தில் ஒரு கொக்கியை உண்டாக்கும். இரண்டாவது கூட்டம் அந்தக் கொக்கியில் தண்ணீரோடு ஒத்துப்போகும் ஒரு பொருளை மாட்டிவிடும். அப்புறம் சிறுநீரகம் அதை ஒண்ணுக்கில் வெளியே தள்ளிவிடும். தினமும் நடக்கிறது, ஓசியில் நடக்கிறது. இதற்கு மேடை போட்டு மைக் பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வரும் வழியில் இதையெல்லாம் விசாலத்திடம் சொன்னேன். "நீங்க சொல்றது எல்லாம் செரிதானுங்க, நாளையிலிருந்து குடிச்சுப்போடுங்க" என்றாள்.

மே 12

மூன்று நாளாகக் குடிக்கிறேன். மண்ணைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கிறது. இன்று காலை ஒண்ணுக்கு சிவப்பாகப் போனது. லேசான மாதுளை நிறம், கொஞ்சம் பழுப்பு கலந்தது. பீட்ரூட். வேறென்ன.

விசாலம் எட்டிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றாள். "பாத்தீங்களா? ஒடம்புல இருக்கற நச்சு எல்லாம் எறங்குதுங்க. எனக்கு ஒண்ணுமே வரலீங்களே."

அவளும் அதே டம்ளரில்தான் குடிக்கிறாள். அவள் கல்லீரல் சோம்பேறி என்று சொன்னேன். என்னுடையது முப்பத்தைந்து வருடம் கெமிக்கலோடு மல்லுக்கட்டிப் பழகியது.

மே 14

இனி குடிக்கப்போவதில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு காற்று வாங்கப் போகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய், மழைத்தண்ணீர்க் குழாயில் ஊற்றிவிட்டு, மேலே ஒரு சொம்புத் தண்ணீரும் விட்டேன். சிமெண்டில் கறை நிற்காமல் எப்படி அலசுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே வந்து வாயைத் துடைத்துக்கொண்டேன். அவளுக்குப் பரம திருப்தி.

மே 20

பட்டறைப் பக்கம் போய்வந்தேன். ஒரு நாயும் கண்டுகொள்ளவில்லை. இன்ஜினியர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். நடுவில் இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போனான். தொட்டியில் நிறம் ஏறிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் பாத்ரூம் போவதா? எங்கள் காலத்தில் ஷேடு வரும்வரை தொட்டியை விட்டு நகரமாட்டோம். பன்னிரண்டு மணி நேரம் அடக்கியிருக்கிறேன். தண்ணீரே குடிக்காமல் ஓட்டியிருக்கிறேன். அதுதான் தொழில்.

அந்தக் காலத்துக் கறுப்புப் பவுடர் கையில் பட்டால் இரண்டு நாள் போகாது. அரசாங்கம் அதற்குத் தடை போடுவதற்கு முன்னால் எல்லாப் பட்டறையிலும் அதுதான். ஷிப்ட் முடிந்து சுவர் ஓரம் வரிசையாக நின்று ஒண்ணுக்கு அடிக்கும்போது அவரவருக்கு ஒரு நிறம் போகும். மஞ்சள் தொட்டிக்காரனுக்கு மஞ்சள், எனக்குத் திராட்சைச் சாறு மாதிரி. "மாஸ்டர், இன்னைக்கு என்ன ஷேடு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நிறம் போனால் உடம்பு சுத்தமாகிறது என்று அர்த்தம், நிறம் போகாதவன்தான் பயப்படவேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டம். ஒருத்தனும் டாக்டரிடம் ஓடவில்லை.

மே 27

இன்று காலை மறுபடியும். மே 12 அன்று வந்ததைவிட ஒரு படி அடர்த்தி.

பீட்ரூட் நிறம் உடம்பில் எத்தனை நாள் தங்கும் என்று எவனும் உருப்படியாக எழுதிவைக்கவில்லை. வலி எதுவும் கிடையாது. வலி இல்லையென்றால் நோய் இல்லை.

ஜூன் 3

இன்று வீட்டிலேயே ஒரு கூத்து. அமுதகண்ணன் நேரிலேயே வந்தான். நல்ல சிஷ்யை என்பதால் விசாலத்துக்குச் சலுகையாம். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், கரண்டில் செருகிய ஒரு கருவி. தொட்டியில் காலை வைத்தால் உள்ளங்கால் வழியாக நச்சு இறங்குமாம். பரிமளா வேறு பக்கத்தில் பயபக்தியாக உட்கார்ந்திருந்தாள்.

என் காலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சாகி, பழுப்பாகி, அடியில் செதில் செதிலாக மிதந்தது.

"ஐயா, இந்தப் பழுப்பு கல்லீரல் நச்சுங்க. ஆரஞ்சு மூட்டு. இந்தக் கறுப்புத் துகள் இருக்குது பாருங்க, அது நீங்க இத்தனை வருசம் தொட்ட சாயம்" என்றான்.

நிறத்தைப் பற்றி என்னிடம். என் வீட்டுக்கு வந்து, என் காலை நனைத்துவிட்டு, எனக்கு நிறம் சொல்லிக்கொடுக்கிறான். தண்ணீரை மாற்றச் சொன்னேன். சமையலறையிலிருந்து இரண்டு முள்ளங்கியை எடுத்துவந்து தொட்டியில் போட்டு, கருவியைப் போடச் சொன்னேன். மறுபடி ஆரஞ்சு, பழுப்பு, செதில்.

"இந்த முள்ளங்கிக்குக் கல்லீரல் கெட்டுப்போச்சுங்களா, ஆசானே?" என்று கேட்டேன். "மூட்டு வலியும் இருக்குது போல."

பரிமளா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முள்ளங்கியையும் எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் ஓட்டிக் காட்டினேன். அப்போதும் அதே பழுப்பு. கருவிக்குள் இரும்புத் தகடு, உப்புத் தண்ணீரில் கரண்ட் ஓடினால் துருப்பிடிக்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் சொல்வான். அமுதகண்ணன் முகம் சுருங்கிப்போய்த் தொட்டியைக் கவிழ்த்தான்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னான். "ஐயா, நான் சொல்றத நீங்க நம்பவேண்டாம். ஆனா உங்க கண்ணு வெளுத்துக் கெடக்குது. எங்கிட்ட வேண்டாம், ஒரு டாக்டருகிட்டயாவது காட்டுங்க."

தோற்றவன் போகும்போது ஒரு கல்லை விட்டெறிந்துவிட்டுத்தான் போவான். விசாலம் என்னைத்தான் முறைத்தாள்.

ஜூன் 4

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெயில்.

ஜூன் 11

விசாலம் முகாமை விட்டுவிட்டாள், சாற்றை விடவில்லை. "அந்தாளு பொய்யா இருக்கட்டும், பீட்ரூட்டு பொய்யா?" என்கிறாள். தினமும் டம்ளர் வருகிறது, தினமும் மாடி, தினமும் குழாய்.

நான் ஃப்ளஷ் பண்ணுவதற்குள் இன்று அவள் பார்த்துவிட்டாள். நல்ல சிவப்பு. "இன்னும் இத்தன நச்சு இருக்குதுங்களே" என்றாள், சந்தோசமாக. நான் என்ன சொல்வது? குடிக்கவேயில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் அது எதனால என்பாள். ஆமா புள்ள, எறங்குது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. கல்லீரலைத் தாண்டி ஏதாவது தப்பிப்போனாலும் இரண்டாவது காவல் இருக்கிறது. செல்லுக்குள்ளே டி.என்.ஏ. என்பது இரண்டு இழை முறுக்கிய நூல். விஷம் ஓர் இழையில் போய் ஒட்டினாலோ அறுத்தாலோ, அதைப் பழுதுபார்ப்பதற்கென்றே தனி என்சைம்கள் இருக்கின்றன. நம் ஊர் மடிப்பு மேசையில் பெண்கள் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, கெட்ட நூலை எடுத்துவிட்டுப் புது நூல் கோப்பார்களே, அதேதான். கெட்ட துண்டை வெட்டி எடுக்கும். எதிர் இழையைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி புதுத் துண்டைக் கோக்கும். நாள் முழுக்க, ஒவ்வொரு செல்லிலும். சரிபண்ணவே முடியாத அளவுக்குக் கெட்டுப்போன செல்லைச் சாகச் சொல்லி உத்தரவும் போடும். இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது மனுசன் பீட்ரூட்டை நம்புகிறான்.

என் உடம்பில் இந்த வேலை முப்பத்தைந்து வருடம் பிசகாமல் நடந்திருக்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலருக்கு அது சரியாக நடக்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பீடி குடித்தார்கள், அதனால்.

நானும் குடித்தேன். விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

ஜூன் 19

கட்டி கட்டியாக வந்தது.

சரியாக அரைக்காமல் கொடுத்திருப்பாள்.

ஜூன் 23

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று மதியத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் அடக்கினவனுக்கு இது ஒரு விசயமா என்று சாயங்காலம்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் கத்தியது தெருவுக்கே கேட்டதாம். விசாலம் ஆட்டோ பிடித்துப் பெருந்துறை ரோட்டில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

டாக்டர் ஒரு பெண். ஷாஹிதா என்று பெயர். என் மகள் வயதுகூட இருக்காது. இந்த வியாதிக்குப் பெண்ணிடமா காட்டுவது என்று நான் நெளிந்தேன். அந்த அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. குழாயைச் செருகினார். ரத்தக் கட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. அவை வந்த பிறகுதான் உயிர் வந்தது.

"எவ்வளவு நாளா ரத்தம் போகுது?"

"ரத்தம் இல்லீங்க, பீட்ரூட்டு. ஒரு நாலு நாளா" என்றேன்.

"பீட்ரூட் கட்டியா வராது சார். டெஸ்ட்லயும் ரத்த அணுதான் இருக்கு."

விசாலம் முன்னால் வந்தாள். "நாலு நாளில்லீங்க டாக்டரம்மா. மே மாசத்திலிருந்தே சிவப்பாத்தான் போகுதுங்க. நாந்தானுங்க தெனமும் பீட்ரூட்டுச் சாறு குடுத்தேன். நச்சு எறங்குதுன்னு சந்தோசப்பட்டனுங்க. ரத்தத்தப் பாத்துட்டு நான் சிரிச்சனுங்க டாக்டரம்மா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24

ஸ்கேனில் மூத்திரப்பையின் சுவரில் ஒரு கட்டி. குழாய் விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவார்கள். கட்டி மேல்தோலோடு நின்றிருந்தால் பிழைத்தேன். தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்கவேண்டும். அதற்கு மேலும் உண்டு, அதை டாக்டர் சொல்லவில்லை.

என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அந்தக் காலத்துக் கறுப்புச் சாயம், பென்சிடின் சேர்ந்தது, கையால எடுத்திருக்கீங்களா?"

"எல்லாரும் எடுத்தோம். உடம்புல போனதைக் கல்லீரல் என்சைம் ரெண்டு கட்டமா மாத்தி வெளிய அனுப்பிடும்" என்றேன். இதையாவது தெரிந்துவைத்திருக்கிறேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரியட்டும்.

"அனுப்பும். எப்படின்னு தெரியுமா சார்? முதல் கட்டத்துல இந்த மாதிரிச் சாயம் முன்ன இருந்ததைவிட மோசமாயிடும். ரெண்டாவது கட்டத்துல அதைப் பொட்டலம் கட்டணும். அதுல ஒரு முக்கியமான என்சைம் நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு மேல பிறவியிலேயே மெதுவாத்தான் ஓடும். அது யார் தப்பும் இல்ல. கட்டின பொட்டலமும் எங்க போகுது? மூத்திரப்பைக்கு. அங்க வந்து தங்கும். மூத்திரம் புளிப்பா இருந்தா பொட்டலம் பிரிஞ்சிடும். பிரிஞ்சது பையோட சுவர்ல இருக்கற டி.என்.ஏ.ல போய் ஒட்டிக்கும்."

"பழுதுபார்க்கிற என்சைம் இருக்குதுங்களே."

"இருக்கு. இத்தனை வருஷம் அதுதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. எடுக்க எடுக்க நீங்க ஒட்டவெச்சுக்கிட்டே இருந்தீங்க. எங்கேயோ ஒரு இடத்துல அது விட்டுப்போச்சு. வேலை நேரத்துல எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போவீங்க?"

பன்னிரண்டு மணி நேரம் என்று சொல்வதற்கு இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். இன்று வாய்க்குள்ளேயே முனகினேன். பிரிந்த பொட்டலத்தைப் பைக்குள்ளேயே ஊறப்போட்டு வைத்திருக்கிறேன். துணிக்குக்கூட அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

ஜூன் 30

சுரண்டி எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்தாயிற்று. சோதனை முடிவு வர ஒரு வாரமாகும்.

விசாலம் போனில் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கிறது. மகளிடம், பரிமளாவிடம், எதிர்வீட்டு அம்மாவிடம், ஒரே பாட்டு. "என்ற கையாலதான் பண்ணுனேன். பீட்ரூட்டக் குடுத்துக் குடுத்து ரத்தத்த மறச்சுப்போட்டேன். இல்லீன்னா ஒரு மாசத்துக்கு முன்னயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க."

நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். இனிமேல் கண்டவன் பேச்சைக் கேட்டு எதையாவது அரைத்துக் கொடுக்கமாட்டாள். இப்படி நினைத்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

அப்புறம் பரிமளாவிடம் சொன்னதும் காதில் விழுந்தது. பண்ணாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறாளாம். எனக்கு நல்லபடியாக வந்தால் வருகிற பங்குனியில் குண்டம் இறங்குகிறாளாம். தன் தப்புக்கு அதுதான் பரிகாரமாம். ஐம்பத்தாறு வயது, மூட்டுத் தேய்மானம், மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் ஏறமாட்டாள். அவள் நெருப்பில் நடக்கப்போகிறாள்.

மாடிக் குழாய் விசயத்தை இப்போது எடுக்கவேண்டாம். முடிவு வரட்டும்.

ஜூலை 4

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மிக்சியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். சட்னி அம்மிக்கல்லில்.

ஜூலை 8

முடிவு வந்தது. தசைக்குள் இறங்கவில்லை. மேல்தோலோடு நின்றிருக்கிறது. இதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். விசாலம் டாக்டரின் மேசையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

ஆனால் இந்தக் கட்டி திரும்ப வருகிற சாதியாம். வாரம் ஒரு தடவை பைக்குள்ளேயே மருந்து விடவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். "இடையில ஒரு சொட்டு சிவப்பு தெரிஞ்சாலும் அன்னைக்கே வரணும். அடுத்த தடவை இவ்வளவு நாள் விட்டீங்கன்னா, இதே நல்ல செய்திய நான் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர்.

"நான் குடுத்த சாறுனாலதான இவ்வளவு நாளாச்சுங்க?" என்று விசாலம் கேட்டாள். இதை அந்த அம்மாவிடம் அவள் கேட்பது எத்தனையாவது தடவையோ.

டாக்டர் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் கேட்டார். "பீட்ரூட் நிறம் ரெண்டு நாள்ல போயிடும் சார். சாறு கடைசியா எப்பக் குடிச்சீங்க?"

எனக்குத் தேதி தெரியும். இந்த டைரியிலேயே இருக்கிறது. ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.

ஜூலை 10

இன்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குண்டம் இறங்க இப்போதிருந்தே நடந்து பழகுகிறாளாம், காலையில் பார்க்கைச் சுற்றிவிட்டு வந்து முட்டி வீங்கியிருந்தது. அந்த முட்டியைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"விசாலம், நான் அந்தச் சாறக் குடிக்கவே இல்ல."

"எத?"

"பீட்ரூட்டுச் சாறு. மொதல்ல கொஞ்ச நாள் குடிச்சேன். அப்புறம் எல்லாத்தயும் மாடிக்குக் கொண்டுபோயிக் குழாயில ஊத்திட்டேன். மே மாசம் பாதியிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கல. சிவப்பா வந்தது பீட்ரூட்டு இல்லீன்னு எனக்குத் தெரியும்."

அவள் தைலக் குப்பியை மூடினாள். மூடி சரியாக விழவில்லை, திறந்து மறுபடி மூடினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்கு வார்த்தை எனக்கு எப்போதும் இருக்கும்.

"தெரிஞ்சும் சொல்லலீங்களா?"

"ம்."

"ஏனுங்க, பயந்துட்டீங்களா?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கந்தகம் கொதிக்கும் தொட்டியைக் குனிந்து பார்த்த ஆள் நான். ஊரில் இருக்கிற ஆசானையும் இன்ஜினியரையும் முட்டாள் என்று இந்த டைரி பூராவும் எழுதிவைத்திருக்கிறேன். அவர்களில் எவனும் தன் ரத்தத்தைப் பார்த்து இது காய்கறி என்று சொல்லவில்லை.

"ஆமா புள்ள. ரொம்பப் பயந்துட்டேன்."

அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ரெண்டு வாரமா நான் சோறு திங்கல. பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க. கல்லீரலு, என்சைமு, நூலு, இழைன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்களே, இந்த ஒரு வார்த்தைய எடுத்தீங்களா? அந்தாளு முள்ளங்கிய வெச்சு ஏமாத்துனான்னு சிரிச்சீங்க. நீங்க எதவெச்சு ஏமாத்துனீங்க?"

முள்ளங்கியை வைத்தது நான்தான், அவன் இல்லை. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"அந்தக் குண்டத்துல நீங்கதான் எறங்கோணும். என்ற வேண்டுதல உங்க பேருக்கு மாத்தி அம்மங்கிட்டச் சொல்லிக்கறேன்."

சரி என்றேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. நெருப்பு சுடும் என்பதில் நம்பிக்கை உண்டு. ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன்.

"இன்னொண்ணு. இனிமே நீங்களாத் தண்ணி ஊத்தக்கூடாது. நான் வந்து பாத்தப்புறந்தான் ஊத்தோணும். காலையில, மத்தியானம், சாயங்காலம், எப்பப் போனாலும் என்னயக் கூப்பிடோணும்."

"அத எப்படி புள்ள..."

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. வாய்தான் வரமாட்டீங்குது. அதனால நான் பாக்கறேன்."

சாயங்காலம் பரிமளாவுக்குப் போன் போட்டாள். "பீட்ரூட்டு மேல ஒரு தப்பும் இல்ல பரிமளா. என்ற மேலயும் இல்ல. இவருக்குத் தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டாரு." அப்புறம் மகளுக்கு. அப்புறம் எதிர்வீட்டுக்கு. நான் கூடத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் யார் என்ன சொன்னாலும் அதில் ஒரு பிசகு கண்டுபிடிப்பவன் நான். இதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு தோசை சேர்த்துச் சாப்பிட்டாள்.

ஜூலை 11

காலையில் பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட நாக்கு எழவில்லை. ஊற்றிவிட்டு வெளியே போய் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று சொம்பைக்கூட எடுத்துவிட்டேன். நிறம் என்னவென்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மஞ்சள்தான் என்று தோன்றியது. மஞ்சளாக இருக்கவேண்டும் என்று நான் நினைப்பதால் அப்படித் தெரிகிறதோ என்றும் தோன்றியது. முப்பத்தைந்து வருடத்தில் என் கண்ணை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

"விசாலம்" என்று கூப்பிட்டேன்.

ஈரக் கையோடு வந்தாள். லைட்டைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் வாயைத் திறப்பதற்காக நின்றேன்.

"ம். ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன்.